இயங்குதளங்களின் பூட்டு: அதை இறுக்குவது யார், தளர்த்துவது யார்?

மென்பொருள் திருட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மூன்று விஷயங்கள் கட்டாயம் காதில் விழும். காசு கொடுக்காமல் ஓட்டுவதற்கான கிராக்கை விண்டோஸுக்குப் போடாதவரே கிடையாது, மைக்ரோசாஃப்டால் தடுக்க முடியவில்லை என்பார் ஒருவர். மேக்கில் நிறுவும்போது அடிக்க வேண்டிய சாவி எண்ணையே கேட்பதில்லை, ஆப்பிளுக்குத் திருட்டைப் பற்றிக் கவலை கிடையாது என்பார் இன்னொருவர். லினக்ஸ்தான் இலவசமாயிற்றே, அங்கே ஏது உரிமம், ஏது மீறல் என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். இப்படி அடித்துச் சொல்பவர்கள் கணினி தெரியாதவர்களும் இல்லை. பல வருடங்களாகப் பத்துப் பேருக்கு ஃபார்மேட் போட்டுக் கொடுத்த கைகள்தான். ஆனாலும் மூன்று பேச்சுமே பாதிக் கிணறுதான் தாண்டுகின்றன.

கணினியின் வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் நடத்திவைக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ் எல்லாம் அந்த வகை. இவற்றில் சிலவற்றுக்குத் திருட்டைத் தடுக்கும் பூட்டு இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை. ஒரே நிறுவனமே ஒரு காலத்தில் பூட்டை இறுக்குகிறது, இன்னொரு காலத்தில் தளர்த்துகிறது. இதற்குக் காரணம் திருடர்களின் சாமர்த்தியம் என்று நினைக்கிறோம். என்னைக் கேட்டால், பெரும்பாலும் காரணம் போட்டியாளர்கள்தான். அதை நம்புவதற்கு முன்னால் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

## காசு கொடுத்து வாங்குவது எதை?

மென்பொருளை வாங்கினேன் என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் யாரும் மென்பொருளை விற்பதில்லை. அதைப் பயன்படுத்த அனுமதி தருகிறார்கள். அந்த அனுமதிக்குப் பெயர் உரிமம். எத்தனை கணினியில் போடலாம், இன்னொருவருக்குக் கைமாற்றலாமா, எந்த வன்பொருளில் ஓட்டலாம் என்ற நிபந்தனைகள் எல்லாம் அதில் இருக்கும். நிறுவும்போது படிக்காமலேயே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்திவிட்டுப் போகிறோமே, அதுதான். அந்த நிபந்தனையை மீறி நகலெடுப்பதும் பயன்படுத்துவதும்தான் மென்பொருள் திருட்டு.

இந்தச் சண்டை கணினி வீட்டுக்குள் நுழைந்த நாளிலேயே தொடங்கிவிட்டது. ஆல்டேர் என்ற ஆரம்பகாலக் கணினிக்காக மைக்ரோசாஃப்ட் எழுதிய பேசிக் மொழி மென்பொருளை, காகித நாடாவில் நகலெடுத்து ஆர்வலர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள். 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் அவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவானவர்களே பேசிக்கைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள், தாங்கள் உழைத்த நேரத்தைக் கணக்குப் போட்டால் மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்று அதில் புலம்பியிருந்தார். மென்பொருள் என்பது வன்பொருளோடு சும்மா வரும் ஒரு துணைப்பொருள் என்று பலர் நினைத்திருந்த காலம் அது. கடிதத்துக்குப் பாராட்டைவிடத் திட்டுதான் அதிகம் கிடைத்தது.

## சாவி எண் எப்படிச் சோதிக்கப்படுகிறது?

ஓர் அரங்கத்துக்கு நுழைவுச்சீட்டு விற்கிறார்கள் என்று வையுங்கள். வாசலில் நிற்கும் பரிசோதகர் சீட்டை மூன்று விதமாகப் பார்க்கலாம். சீட்டு பார்ப்பதற்குச் சரியாக இருக்கிறதா என்பது முதல் வகை. அரங்க நிர்வாகம் மட்டுமே போடக்கூடிய முத்திரை அதில் இருக்கிறதா என்பது இரண்டாவது. இதே இருக்கை எண்ணோடு வேறு யாராவது ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறார்களா என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பது மூன்றாவது. மென்பொருள் பூட்டுகளின் வரலாறு முழுக்க இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

விண்டோஸ் 95 முதல் வகை. கடையில் விற்ற பதிப்பின் சாவி எண்ணில் முதலில் மூன்று இலக்கம், பிறகு ஏழு இலக்கம். பின்னால் வரும் ஏழு இலக்கங்களைக் கூட்டினால் வரும் தொகை 7-ஆல் வகுபட வேண்டும். சோதனையின் சாரம் அவ்வளவுதான். ஏழு ஒன்றுகளை வரிசையாக அடித்தாலே கூட்டுத்தொகை 7 வந்துவிடும். தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்க இது போதும். திருட்டைத் தடுக்க எந்த மூலைக்கும் போதாது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் நாம் பார்த்துப் பழகிய 25 எழுத்துச் சாவி இரண்டாவது வகை. அதற்குள் ஒரு டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. நிறுவனத்திடம் மட்டும் இருக்கும் ஒரு ரகசிய எண்ணைக் கொண்டு உருவாக்கப்படும் கணித முத்திரையைத்தான் டிஜிட்டல் கையொப்பம் என்கிறோம். முத்திரை சரியா என்று யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம், ஆனால் ரகசிய எண் இல்லாமல் புதிதாக ஒன்றை உருவாக்குவது மிகக் கடினம். இந்தச் சாவிகளில் பயன்படும் எழுத்துகளும் எண்களுமாகச் சேர்த்து 24 குறிகள்தான். சுழியையும் ஓ என்ற எழுத்தையும் குழப்பிக்கொள்வதைப் போன்ற தொல்லை வரக்கூடாது என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். 24 குறிகளை 25 இடங்களில் வைத்தால் வரும் சேர்க்கைகள் 35 இலக்க எண். குருட்டாம்போக்கில் அடித்துச் சரியான சாவியைப் பிடிக்க வாய்ப்பே இல்லை.

சரி, போலிச் சீட்டு அச்சடிப்பது நின்றுவிட்டது. ஆனால் ஒரே உண்மையான சீட்டை ஆயிரம் நகலெடுத்தால்? முத்திரையும் நகலில் அப்படியே இருக்குமே. பதிவேடு தேவைப்பட்டது இதற்குத்தான்.

## ஆக்டிவேஷன் என்ன செய்கிறது?

2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியோடு ஆக்டிவேஷன் வீட்டுப் பயனாளர்களிடம் பெரிய அளவில் வந்து சேர்ந்தது. ஒரு குறிப்பிட்ட சாவியை ஒரு குறிப்பிட்ட கணினியோடு கோத்து, அந்தச் சோடியை நிறுவனத்தின் சர்வரில் பதிந்துவைப்பதே ஆக்டிவேஷன். எக்ஸ்பியில் 30 நாளுக்குள் இதைச் செய்தாக வேண்டும். இணைய வசதி எல்லார் வீட்டிலும் இல்லாத காலம் என்பதால், தொலைபேசியில் 50 இலக்க எண்ணைப் படித்துக் காட்டி, பதிலுக்கு அவர்கள் சொல்லும் எண்ணைத் தட்டச்சு செய்யும் வழியும் இருந்தது. அந்தப் பொறுமைச் சோதனையை அனுபவித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கணினியை எப்படி அடையாளம் காண்பது? எக்ஸ்பி 10 வன்பொருள் விவரங்களைப் பார்த்தது. பிராசசர், ஹார்ட் டிஸ்க், நினைவகத்தின் அளவு, நெட்வொர்க் கார்டு, சிடி டிரைவ் போன்றவை. இந்த விவரங்களை அப்படியே அனுப்பாமல் ஹேஷ் ஆக மாற்றி அனுப்பும். எவ்வளவு பெரிய தகவலையும் ஒரு சிறிய எண்ணாகச் சுருக்கி, அந்த எண்ணிலிருந்து மூலத் தகவலைத் திரும்ப எடுக்க முடியாதபடி செய்யும் கணித முறை ஹேஷ். மைக்ரோசாஃப்ட் நம் கணினியை நோட்டம் விடுகிறது என்ற பயம் அப்போது பலமாகப் பரவியது. ஆக்டிவேஷனைப் பொறுத்தவரை அந்தப் பயம் மிகையானது. அனுப்பப்பட்ட எண்ணை வைத்து உங்கள் ஹார்ட் டிஸ்கின் வரிசை எண்ணைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

ஒன்றிரண்டு பாகங்களை மாற்றினால் விண்டோஸ் கண்டுகொள்ளாது. பல பாகங்களை மாற்றினால், குறிப்பாக மதர்போர்டை மாற்றினால், இது வேறு கணினி என்று முடிவுகட்டி மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும். ஏன் கேட்கிறது என்று தெரியாமல் திகைப்பவர்களுக்குப் பதில் இதுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சாவி எண் உண்மையானதா என்பதை உங்கள் கணினியே சோதித்துவிடும். அந்தச் சாவி வேறெங்காவது பயன்பட்டிருக்கிறதா என்பது சர்வருக்கு மட்டுமே தெரியும். முன்னதைச் சாவி சோதனை என்றும் பின்னதை ஆக்டிவேஷன் என்றும் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

## மொத்த உரிமம் என்ற ஓட்டை

பத்தாயிரம் கணினி வைத்திருக்கும் ஒரு நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி அடித்து, தனித்தனியாக ஆக்டிவேட் செய்துகொண்டிருக்க முடியுமா? முடியாது. அதனால் பெரிய வாடிக்கையாளர்களுக்கு ஒரே சாவியில் எத்தனை கணினியிலும் நிறுவும் வசதி தரப்பட்டது. இதற்கு மொத்த உரிமம் என்று பெயர். எக்ஸ்பியில் இந்த வகைச் சாவிக்கு ஆக்டிவேஷனே தேவையில்லை. அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எக்ஸ்பி கடைக்கு வருவதற்கு முன்பே ஒரு மொத்த உரிமச் சாவி வெளியே கசிந்து, உலகம் முழுக்க மனப்பாடம் ஆனது. 2002-இல் வந்த முதல் சர்வீஸ் பேக் என்ற திருத்தத் தொகுப்பில் அதைத் தடை செய்தார்கள். அதற்குள் அந்தச் சாவி பல சிடிகளின் உறைமேல் எழுதப்பட்டுவிட்டது.

இந்தப் பாடம் எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் எதிரொலித்தது. மொத்த உரிமத்துக்கும் ஆக்டிவேஷன் கட்டாயமாயிற்று. அதற்குக் கேஎம்எஸ் என்ற ஏற்பாடு வந்தது: நிறுவனம் தன் வலைப்பின்னலுக்குள்ளேயே ஒரு ஆக்டிவேஷன் சர்வரை வைத்துக்கொள்ளலாம், கணினிகள் அதைத் தொடர்புகொண்டு 180 நாளுக்கு உரிமம் பெறும், தொடர்ந்து புதுப்பித்துக்கொள்ளும். குறைந்தது 25 கணினிகள் கேட்டால்தான் அந்தச் சர்வர் விண்டோஸ் கணினிகளுக்கு அனுமதி தரவே தொடங்கும். வீட்டில் ஒருவர் தனியாக வைத்து ஏமாற்றாமல் இருக்க அந்த நிபந்தனை. ஆனால் பதிவேட்டை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிட்டதால், அந்தச் சர்வரைப் போலவே நடிக்கும் போலிச் சர்வர்கள் விரைவிலேயே முளைத்தன. பின்னாளில் பரவலாகப் புழங்கிய கிராக்குகளில் பல இந்த வகைதான்.

## எந்தப் பூட்டும் ஏன் உடைகிறது?

அரங்க வாசலில் பரிசோதகர் நிற்கிறார் என்று சொன்னேன் அல்லவா? மென்பொருளில் அந்தப் பரிசோதகர் அரங்கத்தில் இல்லை. அவரை உங்கள் வீட்டுக்கே அனுப்பி, அங்கேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். சோதனை செய்யும் நிரல் உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, உங்கள் பிராசசரில் ஓடுகிறது. அவருடைய கேள்வியை நீங்கள் மாற்றலாம், அவர் காதில் பஞ்சை அடைக்கலாம், பேசாமல் வெளியேயும் தள்ளலாம். நிரலைத் திருத்திச் சோதனையையே நீக்கிவிடுவதுதான் கிராக். இது மைக்ரோசாஃப்டின் திறமைக் குறைவு கிடையாது. முழு மென்பொருளும் பயனாளரின் கையில் இருக்கும்வரை எந்த நிறுவனத்துக்கும் இதே கதிதான்.

கிராக்கில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அதை இயக்க நிர்வாகி அனுமதி கொடுக்க வேண்டும், ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்துவிட்டுக் காவல்காரரையும் விடுப்பில் அனுப்புகிறோம். கிராக் என்ற பெயரில் கடவுச்சொல் திருடும் நிரல்கள் ஏராளமாகச் சுற்றுவது இதனால்தான்.

சோதனை கடுமையானால் இன்னொரு பக்கம் அடி விழுகிறது: காசு கொடுத்தவரையும் திருடன் என்று சொல்லிவிடும். 2005 முதல் 'விண்டோஸ் ஜெனுவின் அட்வான்டேஜ்' என்ற திட்டத்தின் கீழ், சில பதிவிறக்கங்களுக்கு முன் உங்கள் விண்டோஸ் அசலா என்று சர்வர் சரிபார்த்தது. 2007 ஆகஸ்டில் அந்தச் சர்வரில் ஏற்பட்ட கோளாறால், 12,000-க்குச் சற்றுக் குறைவான அசல் கணினிகள் போலி என்று முத்திரை குத்தப்பட்டன. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் காசு கொடுத்தவருக்கு வரும் கோபம் சிறியதாக இருக்காது.

விஸ்டா ஒரு படி மேலே போயிருந்தது. ஆக்டிவேட் செய்யாவிட்டால் கணினி ஏறக்குறைய முடங்கிவிடும்; ஒரு மணி நேரம் இணைய உலாவி மட்டும் கிடைக்கும், பிறகு வெளியே தள்ளிவிடும். 2008-இல் வந்த முதல் சர்வீஸ் பேக்கிலேயே மைக்ரோசாஃப்ட் இதைக் கைவிட்டது. கறுப்புப் பின்புலமும் நச்சரிக்கும் அறிவிப்புகளும் அந்த இடத்துக்கு வந்தன. விண்டோஸ் 10-இல் அது இன்னும் மென்மையாகி, திரையின் மூலையில் ஒரு மங்கலான வாசகம், சுவர்ப்படம் மாற்றத் தடை என்ற அளவில் நின்றுவிட்டது. 1990களில் இருந்ததைவிடப் பலமடங்கு வலுவான தொழில்நுட்பம் கையில் இருக்கும்போது, தண்டனை மட்டும் ஏன் இளகிக்கொண்டே போகிறது?

## போட்டி உள்ளே வரும் இடம்

ஒரு இயங்குதளத்தின் மதிப்பு அதற்குள் இருப்பதைவிட, அதை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதில் அதிகம் இருக்கிறது. நிறையப் பேர் விண்டோஸில் இருந்தால் செயலி எழுதுபவர்கள் விண்டோஸுக்கு எழுதுவார்கள். செயலிகள் அங்கே இருப்பதால் இன்னும் நிறையப் பேர் விண்டோஸுக்கு வருவார்கள். இந்தச் சுழற்சிக்கு வலைப்பின்னல் விளைவு என்று பெயர். இதில் காசு கொடுக்காமல் பயன்படுத்துபவரும் கணக்கில் சேர்கிறார். அவர் விண்டோஸ் பழகுகிறார், விண்டோஸ் தெரிந்தவராக வேலைக்குப் போகிறார், அவர் வேலை பார்க்கும் நிறுவனம் விண்டோஸுக்குக் காசு கொடுக்கிறது.

பூட்டை நிஜமாகவே உடைக்க முடியாததாக்கிவிட்டால் அவர் என்ன செய்வார்? சிலர் காசு கொடுப்பார்கள். மற்றவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுப் பார்ப்பார்கள். விண்டோஸுக்கு அந்த இரண்டாவது கூட்டம்தான் பெரிய இழப்பு.

இது என் ஊகம் மட்டும் இல்லை. 1998-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேசிய பில் கேட்ஸ், சீனாவில் நடக்கும் திருட்டைக் குறிப்பிட்டு, எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதைத் திருடட்டும், பழகிவிடுவார்கள், அடுத்த பத்தாண்டுக்குள் காசு வாங்க ஏதாவது வழி கண்டுபிடிப்போம் என்ற பொருளில் சொன்னார். 2007-இல் மைக்ரோசாஃப்டின் உயர் அதிகாரி ஜெஃப் ரெய்க்ஸும் முதலீட்டாளர்கள் முன்னால் ஏறக்குறைய அதையே சொன்னார். 1976-இல் மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்று புலம்பியவர், சந்தையில் முதலிடம் பிடித்தபின் இப்படிப் பேசுகிறார். மனிதர் மாறவில்லை, அவர் எதிரில் நின்ற ஆள் மாறியிருந்தார்.

இன்னும் தெளிவான உதாரணம் தாய்லாந்து. 2003-இல் அந்நாட்டு அரசு லினக்ஸ் போட்ட மலிவுக் கணினித் திட்டத்தைத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் உடனே விலையைக் கடுமையாகக் குறைத்து உள்ளே நுழைந்தது. அடுத்த ஆண்டே தாய்லாந்து உள்ளிட்ட நாடுகளுக்காக எக்ஸ்பி ஸ்டார்ட்டர் எடிஷன் அறிவிக்கப்பட்டது. ஒரே நேரத்தில் மூன்று செயலிகளைத்தான் திறக்க முடியும், அவ்வளவு வெட்டப்பட்ட பதிப்பு. காசு கொடுத்து வாங்கினால் மூன்று செயலி, திருட்டுப் பதிப்பில் எல்லாம் உண்டு என்றால் யார் வாங்குவார்கள் என்று அப்போதே பலர் கிண்டலடித்தார்கள். நியாயமான கிண்டல்தான். ஆனால் மைக்ரோசாஃப்டின் பார்வையில், கணினி தயாரிப்பாளர் லினக்ஸைப் போட்டு விற்பதைத் தடுப்பதுதான் முக்கியம்.

2007 இறுதியில் ஏசூஸ் நிறுவனம் ஈ பிசி என்ற குட்டி மடிக்கணினியை லினக்ஸோடு இறக்கியது. அது எதிர்பாராத அளவுக்கு விற்றது. அதன் வன்பொருளுக்கு விஸ்டா தாங்காது. எக்ஸ்பி விற்பனையை 2008 நடுவில் நிறுத்தத் திட்டமிட்டிருந்த மைக்ரோசாஃப்ட், இந்தச் சிறு கணினிகளுக்கு மட்டும் எக்ஸ்பியை மலிவாகத் தொடர்ந்து தந்தது. சீக்கிரமே அந்த வகைக் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸோடு வரத் தொடங்கின. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தபோதும் இதே வேகம். மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைவர் ஸ்டீவ் பால்மர் நேரிலேயே போய்ச் சலுகை விலை பேசினார். நகரம் மசியவில்லை, சுமார் 15,000 கணினிகளை மாற்றியது, பிறகு 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது.

2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது நிலைமை வேறு. இப்போது போட்டி செல்பேசிகளோடும் கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக் மடிக்கணினிகளோடும். பழைய விண்டோஸ் 7, 8 வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு இலவச மேம்படுத்தல் கிடைத்தது. அசல் அல்லாத கணினிகளும் மேம்படுத்திக்கொள்ளலாம் என்று முதலில் அறிவித்தார்கள். பிறகு, மேம்படுத்தலாம், ஆனால் அதனால் போலி அசலாகிவிடாது என்று விளக்கம் கொடுத்தார்கள். இலவசக் காலம் 2016 ஜூலையில் முடிந்தது என்றாலும், பழைய 7, 8 சாவிகள் புதிய விண்டோஸில் பல ஆண்டுகள் வேலை செய்துகொண்டே இருந்தன. அந்த வழியை 2023-இல்தான் அடைத்தார்கள். ஏழு வருடம் கதவைச் சாத்த மறந்துவிட்டார்கள் என்று நான் நம்பத் தயாரில்லை.

கேஎம்எஸ் பகுதியில் பார்த்த கெடுபிடி நிறுவனங்களுக்கு. இங்கே பார்த்த தாராளம் தனிநபர்களுக்கு. கணக்குத் தணிக்கைக்கும் வழக்குக்கும் பயப்படும் நிறுவனத்திடம் காசு வாங்க முடியும். வீட்டில் இருப்பவரை விரட்டினால் அவர் போட்டியாளரிடம் போய்விடுவார். பூட்டின் இறுக்கம் ஆளுக்கு ஆள் வேறுபடுவது இதனால்தான்.

## ஆப்பிள் தாராளமா?

மேக்ஓஎஸ் சாவி கேட்பதில்லை என்பது உண்மை. 2000களில் ஒவ்வொரு பெரிய பதிப்பையும் 129 டாலருக்கு விற்றபோதும் தனிநபர் பதிப்புகளுக்குச் சாவி கேட்கவில்லை. 2009-இல் விலை 29 டாலராக இறங்கியது, 2013 முதல் இலவசம். ஆனால் ஆப்பிளின் உரிமத்தில் ஒரு வரி இருக்கிறது: ஆப்பிள் பெயர் தாங்கிய கணினியில் மட்டுமே இதை நிறுவலாம். ஆப்பிளுக்கு வருமானம் வன்பொருளில். அரங்கத்துக்குள் வருவதற்கே அவர்கள் விற்கும் வாகனத்தில்தான் வர வேண்டும் என்றால் வாசலில் சீட்டு எதற்கு?

அந்த வரியை மீறினால் என்ன ஆகும் என்பதை சைஸ்டார் என்ற நிறுவனம் காட்டியது. 2008-இல் அது சாதாரணக் கணினிகளில் மேக்ஓஎஸ் போட்டு விற்றது. ஒவ்வொரு பிரதியையும் காசு கொடுத்தே வாங்கியதாகச் சொன்னது. ஆப்பிள் வழக்குப் போட்டு 2009-இல் வென்றது, 2011-இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நிலைத்தது. காசு கொடுத்தாலும் திருட்டாகலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. 1990களின் நடுவில் ஆப்பிளே மற்றவர்களுக்கு மேக் தயாரிக்க உரிமம் கொடுத்திருந்தது. 1997-இல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் அதை ஊற்றி மூடினார். தன் இயங்குதளமே தனக்குப் போட்டியாகும் விந்தையை அவர் அனுமதிக்கவில்லை.

தொழில்நுட்பப் பூட்டும் உண்டு. இன்டெல் பிராசசர் கொண்ட மேக்குகளில் 'மேக் ஓஎஸ் எக்ஸைத் திருடாதே' என்று பொருள்படும் பெயரிலேயே ஒரு கோப்பு இருந்தது. ஆப்பிள் வன்பொருளில் பதிந்த ஒரு ரகசியக் குறியீடு இருக்கிறதா என்று அது பார்க்கும். திருடவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் குட்டிக் கவிதை ஒன்றும் அமைப்புக்குள் ஒளிந்திருந்தது. கவிதையால் திருந்தியவர்கள் உண்டா தெரியாது. 2020 முதல் ஆப்பிள் தானே வடிவமைத்த பிராசசர்களுக்கு மாறிவிட்டதால் அந்தக் கவலையும் குறைந்துவிட்டது.

## லினக்ஸில் மீறுவதற்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. லினக்ஸ் உரிமமே இல்லாத பொருள் என்பது பெரிய தவறு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், அடுத்த ஆண்டிலிருந்து ஜிபிஎல் என்ற உரிமத்தின் கீழ் வருகிறது. இயங்குதளத்தின் மையப் பகுதிக்குத்தான் கெர்னல் என்று பெயர். ஜிபிஎல் சொல்வது சுருக்கமாக இதுதான்: எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுங்கள், திருத்துங்கள், விற்கவும் செய்யுங்கள், ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மனிதர் படிக்கக்கூடிய மூல நிரலையும் இதே உரிமத்தோடு கொடுங்கள்.

விண்டோஸில் நகலெடுத்தால் மீறல். இங்கே நகலை மூடி வைத்தால் மீறல். ரவுட்டர் தயாரிப்பாளர் ஒருவர் லினக்ஸை உள்ளே போட்டுவிட்டு மூல நிரலைத் தராமல் விற்றால் அதுவும் உரிம மீறல்தான். 2004-இல் மியூனிக் நீதிமன்றம் ஒரு ரவுட்டர் நிறுவனத்துக்கு எதிராக இப்படித் தடை விதித்திருக்கிறது. இதைச் சோதிக்க ஆக்டிவேஷன் எதுவும் கிடையாது. ஆர்வலர்கள் கருவியைப் பிரித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

லினக்ஸ் உலகத்துக்குள்ளும் போட்டி சுமுகம் என்று நினைக்க வேண்டாம். ரெட் ஹாட் நிறுவனம் லினக்ஸுக்குச் சந்தா வசூலிக்கிறது. அந்தச் சந்தா தொழில்நுட்ப ஆதரவுக்கும் சோதித்த புதுப்பித்தல்களுக்குமானது. அதன் மூல நிரலை எடுத்து ராக்கி லினக்ஸ், அல்மாலினக்ஸ் போன்றவை ஏறக்குறைய அதே இயங்குதளத்தை இலவசமாகத் தருகின்றன. 2023 ஜூனில் ரெட் ஹாட் தன் முதன்மைப் பதிப்பின் மூல நிரலைப் பொதுவில் வைப்பதைக் குறைத்தது. வாடிக்கையாளருக்குக் கொடுப்பேன், ஊருக்கெல்லாம் வைக்க வேண்டியதில்லை என்பது அதன் நிலை. ஜிபிஎல்-இன் எழுத்துக்கு இது பொருந்தலாம், உணர்வுக்குப் பொருந்துமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

மூன்று தரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்: விண்டோஸ் உரிமத்தில் சம்பாதிக்கிறது, பூட்டும் அங்கே. ஆப்பிள் கருவியில் சம்பாதிக்கிறது, பூட்டும் அங்கே. ரெட் ஹாட் ஆதரவில் சம்பாதிக்கிறது, அதனால் சந்தாதாரருக்கான புதுப்பித்தல் சர்வரில் பூட்டு.

## இவை திருட்டுத் தடுப்பு கிடையாது

செக்யூர் பூட் (Secure Boot), டிபிஎம் (TPM) இரண்டையும் திருட்டுத் தடுப்புக் கருவிகள் என்று பலர் எழுதுகிறார்கள். கணினி தொடங்கும்போது ஓடும் முதல் நிரலின் கையொப்பத்தைச் சோதிப்பது செக்யூர் பூட். மறைகுறியீட்டுச் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் சில்லு டிபிஎம். விண்டோஸ் 11 அதைக் கட்டாயமாக்கியது. இரண்டும் உங்கள் விண்டோஸ் காசு கொடுத்து வாங்கியதா என்று பார்ப்பதில்லை. போட்டியோடு செக்யூர் பூட் வசதிக்குத் தொடர்பு உண்டு: 2012-இல் விண்டோஸ் 8 காலத்தில் அது பரவியபோது, லினக்ஸைப் போட முடியாமல் போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தது. மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சிறு நிரல் வழியாகப் பெரிய லினக்ஸ் பதிப்புகள் இன்று சிக்கலின்றித் தொடங்குகின்றன. போட்டியாளரின் கையொப்பத்தை நம்பி லினக்ஸ் தொடங்க வேண்டியிருக்கிறதே என்ற நெருடல் மட்டும் பாக்கி.

## உங்கள் கணினியில் இருப்பது எந்த உரிமம்?

கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் பொதுவாக அந்த மதர்போர்டோடு கட்டப்பட்டது. விண்டோஸ் 8 முதல், தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு கணினிக்கும் தனிச் சாவியை மதர்போர்டின் நினைவகத்திலேயே பதிந்துவிடுகிறார்கள். அதனால்தான் ஃபார்மேட் செய்து அதே பதிப்பை மறுபடி போட்டால் சாவி கேட்காமலேயே ஆக்டிவேட் ஆகிறது. யாரோ கிராக் போட்டுவிட்டார்கள் என்று சிலர் இதைப் பார்த்துச் சந்தேகப்படுவதுண்டு. அப்படி இல்லை.

தனியாகக் கடையில் வாங்கிய உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றலாம், பழையதிலிருந்து எடுத்துவிட வேண்டும். 2016-இல் விண்டோஸ் 10-க்கு, உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கும் வசதி வந்தது. மதர்போர்டை மாற்றப் போகிறீர்கள் என்றால் மாற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பிறகு, ஆக்டிவேஷன் சிக்கலைத் தீர்க்கும் கருவியில் வன்பொருளை மாற்றியதாகச் சொல்லி மீட்டுக்கொள்ளலாம்.

இணையத்தில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் சாவிகள் தனி ரகம். சாவி என்பது உரிமத்துக்கான அடையாளம் மட்டுமே. அது ஆக்டிவேட் ஆகிவிட்டது என்பதால் உங்களுக்கு உரிமம் இருக்கிறது என்று ஆகாது. அவற்றில் பல ஏதோ ஒரு நிறுவனத்தின் மொத்த உரிமத்திலிருந்து பிரித்து விற்கப்படுபவை. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012-இல், நிரந்தர உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது, ஆனால் மொத்த உரிமத்தைத் துண்டு போட்டு விற்க அனுமதிக்கவில்லை. மற்ற இடங்களில் சட்டம் வேறுபடும். அப்படி வாங்கிய சாவி இன்றைக்கு வேலை செய்யும். மொத்த உரிமத்துக்குச் சொந்தக்காரரோ மைக்ரோசாஃப்டோ அதை முடக்கும் நாளில் திரையின் மூலையில் அந்த மங்கலான வாசகம் வந்து நிற்கும், விற்றவரின் முகவரியும் அநேகமாக அதற்குள் மாறியிருக்கும்.